வீட்டுச் சைடர் மக்கர் பண்ணினால்: மோந்து பார், அளந்து பார், அப்புறம் கை வை

இங்கிலாந்தில் சைடர் என்றாலே ஆல்கஹால் உள்ளதுதான். அமெரிக்காவில் வெறும் ஆப்பிள் சாற்றுக்கும் அதே பெயர் இருப்பதால், புளிக்கவைத்ததை அங்கே ‘ஹார்ட் சைடர்’ என்கிறார்கள். நான் இருப்பது இங்கிலாந்தில். வீட்டை விற்றுவிட்டுப் போனவர் கொல்லையில் ஒரு பிராம்லி ஆப்பிள் மரத்தையும் விட்டுப்போனார். பிராம்லி சமையலுக்கான ஆப்பிள், கடித்தால் பல் கூசும், வாளி வாளியாகக் காய்க்கும். சட்னி போட்டு, பை சுட்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறக்கவே யோசிக்கும் அளவுக்கு விநியோகம் பண்ணியும் தீராத வருடத்தில்தான் சைடர் போட ஆரம்பித்தேன். கீழே இருக்கிற கோளாறுகளில் பாதிக்கு மேல் என் கையாலேயே நடந்தவை.

இங்கே நம் குடிப்புக்கு என்று வீட்டில் போட்டுக்கொள்ளலாம், விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம், அங்கிருந்து படிக்கிறவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அளவுகள் எல்லாம் ஒரு கேலன் ஜாடிக்கு, அதாவது 4.5 லிட்டருக்கு. கையில் ஒரு ஹைட்ரோமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சாற்றில் மிதந்து அதன் அடர்த்தியைக் காட்டும் கருவி அது: தண்ணீரில் 1.000, சர்க்கரை இருந்தால் அதற்கு மேல், நொதிக்க நொதிக்க இறங்கும். இல்லையென்றால் முதலில் அதை வாங்கிவிட்டு வாருங்கள். நான் கெடுத்த ஜாடிகளில் பெரும்பாலானவை தாமாகக் கெட்டவை அல்ல, ஒன்றுமே ஆகாததற்கு நான் அவசரப்பட்டு எதையோ கொட்டிக் கெடுத்தவை.

ஈஸ்ட் போட்டு இரண்டு நாள் ஆகியும் ஒரு குமிழிகூட வரவில்லை

ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத தண்ணீர் அடைப்பு) குமிழி வராததற்கும் உள்ளே நொதிக்காததற்கும் சம்பந்தம் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. மூடி சரியாகப் பொருந்தாத பிளாஸ்டிக் வாளியில் வாயு ஓரமாகக் கசிந்து போய்விடும், ஏர்லாக் சாமியார் மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கும். மூடியை மெல்ல அழுத்திப் பாருங்கள், ஏர்லாக் தண்ணீர் அசைந்துவிட்டு உடனே பழைய நிலைக்கு வந்தால் கசிவுதான். அப்புறம் ஹைட்ரோமீட்டர். தொடங்கும்போது 1.050 காட்டியது இப்போது 1.046 என்றால் வேலை நடக்கிறது, போய் வேறு வேலை பாருங்கள்.

அளவு அசையவே இல்லையென்றால் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில. காம்ப்டன் என்ற சல்பைட் மாத்திரை போட்டீர்களா, போட்டபின் 24 மணி நேரம் காத்திருந்தீர்களா? காட்டு ஈஸ்ட்டை அடக்கப் போட்ட சல்பைட் நீங்கள் போட்ட ஈஸ்ட்டையும் சேர்த்து மிதித்துவிடும். ஜாடி எங்கே இருக்கிறது? அக்டோபர் மாத இங்கிலாந்துக் கராஜில் 8 டிகிரிதான் இருக்கும், அங்கே பல ஈஸ்ட்டுகள் போர்வைக்குள்ளிருந்து எட்டிக்கூடப் பார்க்காது. வீட்டுக்குள் 18 டிகிரியில் ஒரு நாள் வைத்துப் பாருங்கள்.

கடைச் சாறு வாங்கியவர்கள் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். பொட்டாசியம் சார்பேட் (ஈ 202) அல்லது சோடியம் பென்சோயேட் (ஈ 211) என்று இருந்தால் கதை முடிந்தது. இரண்டும் ஈஸ்ட் பெருகாமல் இருப்பதற்கென்றே போடுபவை. பதநீர் இறக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது எதற்கு? கள்ளாகாமல் இருக்க. அந்த வேலையைத்தான் இங்கே சார்பேட் செய்கிறது. அதனோடு மல்லுக்கட்டாமல் ஜூஸாகவே குடித்துவிடுங்கள். அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, மட்டும் இருந்தால் தொந்தரவில்லை. பாஸ்ச்சரைஸ் செய்த சாறும் நல்லதே, இன்னும் சுத்தம்.

இவை எதுவும் இல்லையென்றால் ஈஸ்ட்டே செத்தது. புதுப் பாக்கெட்டை 35 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து ஊற்றுங்கள்.

நுரை பொங்கி ஏர்லாக்கை அடைத்துவிட்டது

வெயில் காலத்தில் இட்லி மாவு பாத்திரத்தை விட்டு இறங்கி நடந்துபோகிற மாதிரிதான் இதுவும், பயம் வேண்டாம். ஜாடியை வாய் வரை நிரப்பியது தப்பு, முதல் வாரம் நான்கு விரல் இடம் விட்டிருக்க வேண்டும். ஏர்லாக்கைக் கழற்றிக் கழுவுங்கள், இரண்டு நாளைக்கு ஒரு குழாயைச் செருகி மறுமுனையைத் தண்ணீர் டம்ளருக்குள் விடுங்கள். நுரை அடங்கியதும் மீண்டும் ஏர்லாக்.

அழுகின முட்டை வாடை

இதற்குப் பயந்து முதல் வருடமே ஒரு ஜாடியைத் தோட்டத்தில் கொட்டியவன் நான். கொட்டியிருக்கவே வேண்டாம்.

ஆப்பிள் சாற்றில் சர்க்கரை உண்டு, ஈஸ்ட்டுக்குத் தேவையான நைட்ரஜன் சத்து குறைவு. உரம் போடாத பழைய மரத்துப் பழங்களில் இன்னும் குறைவு. பட்டினி கிடக்கும் ஈஸ்ட் ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியே விடும், அதுதான் அந்த வாடை. கொதிப்பு உச்சத்தில் இருக்கும்போது லேசாக வந்தால் விட்டுவிடுங்கள், கரியமில வாயுவே அதை வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். வீடே நாறினால் ஈஸ்ட் சத்துப்பொடியைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதி கரைத்து ஊற்றுங்கள். ஒரு நாளைக்குள் வாடை தணியும். ஆனால் சர்க்கரையில் பாதி கரைவதற்குள், அதாவது 1.050-இல் ஆரம்பித்தது 1.025-க்கு வருவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும். ஆல்கஹால் ஏறியபின் ஈஸ்ட்டால் அந்தச் சத்தை எடுத்துக்கொள்ள முடியாது, மீதம் கிடப்பதை வேண்டாத கிருமிகள் தின்று கொழுக்கும்.

நொதிப்பு முடிந்தபிறகும் வாடை நிற்கிறதா? ஒரு டம்ளர் எடுத்து, நன்றாகத் தேய்த்துக் கழுவிய செம்புத் துண்டு ஒன்றைப் போட்டுக் கலக்கி மோந்து பாருங்கள். 1992-க்கு முந்தைய இரண்டு பென்ஸ் நாணயம் போதும், அதற்குப் பிந்தையவை செம்பு முலாம் பூசிய இரும்பு. வாடை போய்விட்டால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடுதான். அந்த டம்ளரைக் கொட்டிவிடுங்கள். ஜாடி முழுவதற்கும் என்றால் சுத்தமான செம்புக் குழாய்த் துண்டால் ஓரிரு நிமிடம் கலக்கி எடுத்துவிட்டு, ஒரு வாரம் விட்டு, அடிமண்டி வராமல் வேறு ஜாடிக்கு மாற்றுங்கள். ஊறப்போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், புளிப்பு செம்பை அரிக்கும். மாதக்கணக்கில் விட்டு, வாடை வெங்காயம், பூண்டு, ரப்பர் என்று மாறிவிட்டால் செம்பும் பெரிதாக உதவாது.

தீக்குச்சி உரசிய மாதிரி மூக்கில் சுள்ளென்று ஏறினால் அது வேறு, சல்பைட் அதிகமாகிவிட்டது. காத்திருந்தால் குறையும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் இந்தச் சல்பைட் விஷயத்தில் கவனம்.

1.020-இல் நின்றுவிட்டது, அசைய மாட்டேன் என்கிறது

முதலில் ஹைட்ரோமீட்டரைச் சுழற்றிவிட்டுப் படியுங்கள். குமிழிகள் அதன் மேல் ஒட்டிக்கொண்டு தூக்கிப் பிடிக்கும், அளவு கூடுதலாகத் தெரியும். ஒளியை வைத்துச் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருப்பவர்கள், ஆல்கஹால் வந்தபின் அது சொல்வதை அப்படியே நம்பக் கூடாது என்பதை நினைவில் வையுங்கள்.

நிஜமாகவே நின்றிருந்தால் முதல் சந்தேகம் குளிர். 20 டிகிரிக்குக் கொண்டுவந்து, அடியில் படிந்த ஈஸ்ட் எழும்பும்படி ஜாடியை மெல்லச் சுழற்றி, ஒரு வாரம் விடுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் ஈசி-1118 மாதிரி முரட்டு ஈஸ்ட் ஒரு பாக்கெட். நேரே உள்ளே கொட்டினால் பழக்கமில்லாத ஆல்கஹாலில் விழுந்து அதிர்ச்சியில் செத்துப்போகும். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறிய ஈஸ்ட்டோடு அரை டம்ளர் நின்றுபோன சைடரைச் சேர்த்து, நுரைத்ததும் இன்னொரு டம்ளர், அதுவும் நுரைத்ததும் இன்னும் இரண்டு டம்ளர் என்று ஏற்றிக்கொண்டே போய்க் கடைசியில் ஜாடியில் ஊற்றுங்கள். உறை மோரைக் கொண்டு குடம் பாலைத் தயிராக்குகிற பொறுமை வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிரான்ஸின் நார்மண்டியில் இப்படி நின்றுபோவதற்காகவே மெனக்கெடுகிறார்கள். சாற்றிலுள்ள பெக்டின் என்ற பழப்பசையைப் பழுப்பு ஆடையாக மேலே திரளவைத்து, அதோடு சத்தையும் பிரித்துவிட்டு, நடுவில் நிற்கும் தெளிந்த சாற்றை மட்டும் எடுத்துக் குளிரில் மெதுவாகப் புளிக்கவிடுவார்கள். ஈஸ்ட் பட்டினியில் சோர்ந்து நின்றுவிடும், சைடரில் இயற்கை இனிப்பு தங்கிவிடும். அதை நம்பி நீங்கள் 1.020-இல் பாட்டிலில் அடைத்துவிடாதீர்கள். ஏன் என்று கீழே பாட்டில் கணக்கில் வரும்.

மேலே வெள்ளையாக ஆடை

ஊறுகாய் பூத்தால் எப்படி இருக்கும், அதேதான். சுருக்கம் சுருக்கமாக, வெளிர் வெள்ளையாக, தொட்டால் உடைகிற மெல்லிய படலம் என்றால் காற்றில் வாழும் ஈஸ்ட்டு வகை. ஜாடியில் காலியிடம் அதிகம் என்பதே அது சொல்லும் சேதி. படலத்துக்குக் கீழே குழாயை விட்டுச் சைடரை வேறு ஜாடிக்கு மாற்றி, ஒரு காம்ப்டன் மாத்திரையைப் பொடித்துப் போட்டு (4.5 லிட்டருக்கு ஒன்று என்றால் பத்து லட்சத்தில் சுமார் 50 பங்கு), கழுத்துவரை நிரப்புங்கள். நிரப்பச் சைடர் போதவில்லையென்றால் கடைச் சைடரை ஊற்றுங்கள், அல்லது சுத்தம் செய்த கண்ணாடிக் கோலிகளைப் போட்டு மட்டத்தை உயர்த்துங்கள். என் பையனின் கோலிகள் இப்படித்தான் காணாமல் போயின. பச்சை, கறுப்பு என்று முடி முளைத்த பூஞ்சணமாக இருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

காடி வாடை, புளிப்பு தொண்டையைப் பிடிக்கிறது

அம்மா போனில் கேட்டது: “சைடர் சைடர்னு சொல்லிட்டு என்னடா காடி காய்ச்சி வச்சிருக்க?” அந்த வருடம் அம்மா சொன்னது சரி. டிசம்பர் முழுக்க ஊரில் இருந்தேன், ஏர்லாக்கில் தண்ணீர் வற்றிப்போய்க் காற்று உள்ளே போய்விட்டது.

அசெட்டோபாக்டர் என்ற பாக்டீரியா காற்று இருந்தால்தான் ஆல்கஹாலைக் காடியாக்கும். பழ ஈக்கள் அதைக் காலில் சுமந்துகொண்டு வரும், ஆகவே சாறு பிழியும் நாளில் திறந்த வாளியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். லேசாக ஆரம்பித்திருந்தால் சல்பைட் போட்டு, கழுத்துவரை நிரப்பி, சீக்கிரம் குடித்துத் தீர்க்கலாம். நன்றாக ஏறிவிட்டால் திருப்ப வழியே கிடையாது. சுண்ணாம்பு, சோடா உப்பு என்று எதையாவது போட்டு மட்டுப்படுத்தப் பார்த்தால் காடியும் போய்ச் சைடரும் இல்லாத ஒன்று மிஞ்சும். வாயைத் துணியால் கட்டிச் சமையலறையிலிருந்து தள்ளி வைத்து முழுக் காடியாக்கிவிடுங்கள். மற்ற ஜாடிகளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அந்தக் குழாயையும் மற்றவற்றுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

புளிப்பு இருந்தும் காடி வாடை இல்லையென்றால் அது பழத்தின் மாலிக் அமிலம். பிராம்லியை மட்டும் போட்டால் அப்படித்தான் இருக்கும். அடுத்த முறை பாதிக்கு மேல் காலா, காக்ஸ் மாதிரித் தின்னும் பழம் கலங்கள்.

தெளியவே மாட்டேன் என்கிறது

கலங்கல் இரண்டு வகை. ஈஸ்ட் மிதப்பது ஒன்று, அது குளிரில் மூன்று வாரம் வைத்தால் தானாகப் படியும். இன்னொன்று பெக்டின். அது மாதக்கணக்கில் காத்தாலும் தெளியாது. எது என்று பார்க்க, ஒரு பங்கு சைடரில் நான்கு பங்கு மெத்திலேட்டட் ஸ்பிரிட் கலந்து குலுக்கிச் சிறிது நேரம் விடுங்கள். கட்டி கட்டியாக, நூல் நூலாக ஜெல்லி திரண்டால் பெக்டின். அந்தக் கலவை விஷம், சோதித்த உடனே கொட்டிக் கிளாஸையும் தனியே வையுங்கள்.

பெக்டினைக் கரைக்கும் என்சைம் கடைகளில் பெக்டோலேஸ் என்று கிடைக்கும். அதைச் சாறு பிழிந்த அன்றே போட்டிருக்க வேண்டும், ஆல்கஹால் வந்தபின் அதன் வேகம் குறைவு. இப்போது போடுவதானால் இரண்டு மடங்கு போட்டு வெதுவெதுப்பான அறையில் ஒரு வாரம் வையுங்கள். சாற்றை அடுப்பில் காய்ச்சியவர்களுக்கு இந்தத் தொல்லை நிச்சயம், சூடு பட்டால் பழத்திலிருந்து பெக்டின் கூடுதலாக இறங்கும். சரி, தெளியாவிட்டால்தான் என்ன? இங்கிலாந்தின் தென்மேற்குப் பண்ணைகளில் ஸ்க்ரம்பி என்று கலங்கலாகவே குடிக்கிறார்கள். ருசி நன்றாக இருந்தால் மண் குவளையில் ஊற்றிக் கொடுத்துவிடுங்கள்.

ஆப்பிள் ருசியே இல்லை, தண்ணியாக, வறட்டென்று இருக்கிறது

முதல்முறை போட்ட எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். ஆப்பிள் என்று நம் நாக்கு நினைத்துக்கொண்டிருப்பதில் பெரும்பங்கு இனிப்பு. அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் ஒட்ட நக்கிவிட்டது. ஹைட்ரோமீட்டர் 1.000, சமயத்தில் 0.998 வரை இறங்கும். 1.050-இல் ஆரம்பித்திருந்தால் வித்தியாசத்தை 131-ஆல் பெருக்குங்கள், ஆறரை சதவீத ஆல்கஹால். இனிப்பு மிச்சமிருக்க வழியே இல்லை.

இரண்டாவது, பழம். 1903-இல் பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் லாங் ஆஷ்டனில் சைடருக்கென்றே ஓர் ஆய்வு நிலையம் தொடங்கினார்கள். அங்கே பழங்களை நான்காகப் பிரித்தார்கள்: இனிப்பு, புளிப்பு, துவர்ப்பினிப்பு, துவர்ப்புப்புளிப்பு. டானின் என்ற துவர்ப்புப் பொருள் 0.2 சதவீதத்துக்கு மேல் போனால் துவர்ப்பு வகை, அமிலம் 0.45-ஐத் தாண்டினால் புளிப்பு வகை. டாபினெட், யார்லிங்டன் மில் எல்லாம் துவர்ப்பினிப்பு, கிங்ஸ்டன் பிளாக் துவர்ப்போடு புளிப்பு. பச்சையாகக் கடித்தால் வாழைப்பூவை மென்றமாதிரி வாய் பிடித்துக்கொள்ளும், ஆனால் சைடருக்கு உடம்பு கொடுப்பதே அந்தத் துவர்ப்பு. கடைச் சாறு தின்னும் பழத்தில் பிழிந்தது, அதில் துவர்ப்பே கிடையாது.

இதற்கு நம் வீட்டிலேயே மருந்து இருக்கிறது: தேயிலை. இரண்டு பை கறுப்புத் தேயிலையை அரை டம்ளர் கொதிநீரில் பத்து நிமிடம் விட்டு, ஆறியதும் ஊற்றுங்கள். டீ வாசம் வராது, வாயில் பிடிப்பு வரும். புளிப்பும் போதவில்லையென்றால் மாலிக் அமிலம் ஒரு டீஸ்பூன், பாதி போட்டுக் குடித்துப் பார்த்து மீதி. இவ்வளவில் பலருக்குச் சைடர் மாறிவிடும், இனிப்பு தேவைப்படாது.

இனிப்பு வேண்டியவர்களுக்கு மூன்று வழி. ஈஸ்ட் தின்ன முடியாத எரித்ரிட்டால் லிட்டருக்கு 20 கிராமிலிருந்து தொடங்குங்கள், சர்க்கரையில் எழுபது சதவீத இனிப்புதான் இருக்கும். சைலிட்டாலும் நொதிக்காது, ஆனால் நாய்களுக்கு அது விஷம். நாய் உள்ள வீட்டில் நான் அதை அடுக்களைக்குள்ளேயே விடமாட்டேன். இரண்டாவது வழி, தெளிந்த சைடரில் சார்பேட் அரை டீஸ்பூனும் காம்ப்டன் ஒன்றும் போட்டு மறுநாள் சர்க்கரையோ ஆப்பிள் சாறோ சேர்ப்பது. சார்பேட் ஈஸ்ட்டைக் கொல்லாது, பெருகவிடாது, அவ்வளவே. ஆகவே கலங்கலான சைடரில் போட்டுப் பயனில்லை, அதன்பின் பாட்டிலில் நுரையும் வராது. சல்பைட் இல்லாமல் சார்பேட் மட்டும் போட்டால், லாக்டிக் பாக்டீரியா அதைத் தின்று ஜெரேனியம் இலையைக் கசக்கிய வாடையைக் கொண்டுவரும், அதற்கு மாற்று கிடையாது. மூன்றாவது, குடிக்கும்போது கிளாஸில் ஒரு மடக்கு ஆப்பிள் சாறு. எனக்குப் பிடித்தது இதுதான்.

இன்னொன்று, அவசரம். நவம்பரில் கரடுமுரடாக இருந்தது ஜனவரியில் வழுவழுப்பாகிவிடும். சாமர்செட் பக்கம் ஜனவரி 17 அன்று (பழைய நாள்காட்டிக் கணக்கில் கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய பன்னிரண்டாம் இரவு) ஆப்பிள் மரத்தைச் சுற்றிப் பாடி, வேரில் சைடர் ஊற்றி, கிளையில் ரொட்டித் துண்டு மாட்டி அடுத்த விளைச்சலுக்கு வேண்டிக்கொள்வார்கள். நம் காணும் பொங்கலை ஒட்டியே வருகிறது. அதற்கு முன் ஜாடியைத் தீர்ப்பு சொல்வதற்காகத் திறப்பதில்லை என்று வைத்திருக்கிறேன்.

வாசனைக்குப் போட்டது வீணாகிவிட்டது, அல்லது அது மட்டுமே தெரிகிறது

வீணாகிவிட்டது என்றால் ஆரம்பத்திலேயே போட்டிருப்பீர்கள். கொதிக்கிற வேகத்தில் கரியமில வாயு வாசனையை எல்லாம் வாரிக்கொண்டு போய்விடும். எதைப் போடுவதானாலும் முதல் நொதிப்பு முடிந்து, அடிமண்டியை விட்டு மாற்றிய பிறகு.

அது மட்டுமே தெரிகிறது என்றால் கிராம்பாக இருக்கும். பத்து கிராம்பு போட்டு இரண்டு வாரம் விட்டேன், பல் டாக்டர் அறை மாதிரி இருந்தது. இரண்டு கிராம்பு, மூன்று நாள், அதற்கு மேல் கூடாது. பட்டை ஒரு துண்டு ஒரு வாரம் (பொடி வேண்டாம், சேறாகும்), ஏலக்காய் நான்கு லேசாகத் தட்டி, இஞ்சி தோல் சீவி 40 கிராம். எலுமிச்சைத் தோலில் மஞ்சள் மட்டும், வெள்ளைப் பகுதி கசக்கும். போட்ட நாளை ஜாடியில் எழுதி ஒட்டுங்கள், தினம் ஒரு ஸ்பூன் எடுத்துப் பாருங்கள். அதிகமாகிவிட்டால் வாசனை போடாத ஜாடியோடு கலப்பதுதான் ஒரே வழி.

இதைவிடப் பத்திரமான முறை, 50 மில்லி வோட்காவில் மசாலாவை ஐந்து நாள் ஊறவைத்து வடிகட்டி, 100 மில்லி சைடரில் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்ப்பது. நான்கு சொட்டு சரி என்று பட்டால் ஜாடிக்கு 180 சொட்டு, ஒரு மில்லிக்கு இருபது சொட்டு என்றால் 9 மில்லி.

பழம் போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, பழம் என்றால் சர்க்கரை, சர்க்கரை என்றால் நொதிப்பு மறுபடி தொடங்கும். வேலியோரம் பறித்த பிளாக்பெரி அரைக் கிலோவை ஃப்ரீசரில் வைத்து எடுத்து (அப்போதுதான் சதை உடைந்து சாறு இறங்கும்) பத்து நாள் போட்டால் நிறமும் மணமும் அருமை, ஆனால் ஜாடியில் இடம் விடுங்கள், ஹைட்ரோமீட்டர் மீண்டும் நிற்கும்வரை பாட்டிலைத் தொடாதீர்கள். டின் மாம்பழக் கூழும் போட்டுப் பார்த்தேன். இனிப்பு போனபின் மிஞ்சியது பிசின் வாடையும் பெக்டின் கலங்கலும். மாம்பழத்தை மாம்பழமாகவே சாப்பிடுங்கள்.

பாட்டில்: நுரையே இல்லை

குளிர்ந்த இடத்தில் வைத்திருந்தால் 20 டிகிரிக்கு மாற்றி இரண்டு வாரம். சார்பேட் போட்டிருந்தால் வராது. மாதக்கணக்கில் தெளியவைத்து ஈஸ்ட் முழுக்கப் படிந்துவிட்டிருந்தால், அடுத்த முறை பாட்டிலில் அடைக்கும்போது ஜாடிக்கு ஒரு சிட்டிகைப் புது ஈஸ்ட்.

பாட்டில்: திறந்தால் கூரைவரை அடிக்கிறது, அல்லது வெடித்தேவிட்டது

இதை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். மற்றதெல்லாம் ருசி விஷயம், இது கண் போகிற விஷயம்.

சர்க்கரை முழுக்கத் தீர்ந்த சைடரில் லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை, அதாவது ஜாடிக்கு 27 கிராம், பியர் அளவுக்கு நுரை தரும். இப்போது அவசரக்காரர் கணக்கு. 1.010-இல் “இன்னும் கொஞ்சம் இனிப்பு இருக்கட்டுமே” என்று அடைக்கிறார். அந்தப் பத்துப் புள்ளி என்பது லிட்டருக்குச் சுமார் 26 கிராம் சர்க்கரை, தேவையானதைப்போல நான்கு மடங்கு. பாட்டிலுக்குள் அது முழுக்க நொதித்தால் அழுத்தம் ஷாம்பெயினையே தாண்டும். ஷாம்பெயின் பாட்டில் தடித்த கண்ணாடி, பியர் பாட்டில் அதில் பாதியைத் தாங்கினால் பெரிது, அலங்காரத்துக்கு விற்கும் மூடிபோட்ட சதுரப் பாட்டில் அதைக்கூடத் தாங்காது. எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இரவு இரண்டு மணிக்கு ஒன்று வெடித்துப் பக்கத்திலிருந்த நான்கையும் கூட்டிக்கொண்டு போனது. காலையில் பார்த்தால் கதவுப் பலகையில் கண்ணாடித் துண்டு குத்திக்கொண்டு நிற்கிறது. அன்றிலிருந்து ஒரே அளவு ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை வராமல் அடைப்பதில்லை, கூடவே ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலிலும் நிரப்பி வைக்கிறேன். அது அமுக்க முடியாமல் கல்லாகிவிட்டால் கண்ணாடியிலும் அதே நிலை, உடனே குளிர்பெட்டிக்குப் போக வேண்டும்.

ஏற்கெனவே அடைத்துவிட்டுச் சந்தேகம் வந்திருந்தால்: கண்ணுக்குக் கண்ணாடி, தடித்த கையுறை, நீளக் கை சட்டை. பாட்டில் மேல் கனமான துண்டைப் போட்டு, ஆட்டாமல் எடுத்துக் குளிர்பெட்டியின் கடுங்குளிரில் ஒரு நாள். பிறகு துண்டோடு சேர்த்து மூடியை மெல்லத் தளர்த்தி வாயுவை விடுங்கள். குழந்தைகள் அந்த அறையில் வேண்டாம்.

சர்க்கரையே போடவில்லை, மே மாதம் பார்த்தால் நுரைக்கிறது

ஆப்பிள் பூக்கும்போது பீப்பாய்ச் சைடரும் கூடவே பாடும் என்பது இங்கே பழைய நம்பிக்கை. நடப்பது என்னவென்றால், வசந்தத்தில் சூடு ஏற, லாக்டிக் பாக்டீரியா விழித்து மாலிக் அமிலத்தை மிருதுவான லாக்டிக் அமிலமாக மாற்றும், கொஞ்சம் கரியமில வாயுவும் வரும். பிராம்லிக்காரர்களுக்கு இது வரப்பிரசாதம். வேண்டாம் என்றால் நொதிப்பு முடிந்தவுடனே சல்பைட்.

கறுத்துப்போயிற்று, அல்லது பச்சையாகிறது

கறுப்பு என்றால் எங்கோ இரும்பு பட்டிருக்கிறது, டானினோடு சேர்ந்து மையாகிவிட்டது. பச்சை என்றால் செம்பு, பித்தளை. புளியைப் போட்டுப் பித்தளைக் குத்துவிளக்கை விளக்குகிறோமே, புளிப்பு உலோகத்தைக் கரைக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? எவர்சில்வர், கண்ணாடி, உணவுத்தரப் பிளாஸ்டிக் தவிர வேறு எதிலும் சாறு நிற்கக் கூடாது. பழைய பிழிபொறி ஏலத்தில் சல்லிசாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர்கள் முக்கியமாகக் கேளுங்கள். டெவன் பகுதியில் சைடர் குடித்தவர்களுக்கு வயிற்றுவலியும் பக்கவாதமும் வந்துகொண்டிருந்தது. 1767-இல் ஜார்ஜ் பேக்கர் என்ற மருத்துவர்தான் சைடர் ஆலைகளில் வைத்த காரீயம் அதற்குக் காரணம் என்று காட்டினார்.

எண்ணெய் மாதிரி சத்தமில்லாமல் ஊற்றுகிறது

பாகு கம்பிப்பதத்துக்கு வந்த மாதிரி இழுக்கும். ஒருவகை லாக்டிக் பாக்டீரியாவின் கைவேலை, ருசி கெடாது, உடம்புக்கும் ஒன்றும் செய்யாது. வாளியில் ஊற்றி நன்றாகக் கடைந்து இழையை உடைத்து, இரண்டு காம்ப்டன் போட்டு, திரும்ப நிரப்புங்கள்.

இதில் மெத்தனால் இருக்குமா?

அறிகுறி இல்லை, ஆனால் ஊரிலிருந்து வரும் எல்லாப் போன் அழைப்பிலும் வரும் கேள்வி. 2024-இல் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்தது சாராயத்தில் மெத்தனால் கலந்ததால். பழத்தின் பெக்டினிலிருந்து சைடரிலும் மிகச் சிறிதளவு உருவாகும், அது ஆபத்தான அளவு அல்ல. காய்ச்சி வடிப்பது வேறு கதை, இங்கேயும் உரிமம் இல்லாமல் குற்றம், அந்தப் பக்கமே போகவேண்டாம்.

விழுங்கிய பிறகு எலிக்கூண்டு ருசி

மோந்தால் ஒன்றும் தெரியாது. குடித்துச் சில நொடி கழித்துத் தொண்டையின் பின்பக்கமிருந்து எலி வாடை, பழைய பிஸ்கட் வாடை கிளம்பும். எச்சிலில் புளிப்பு குறையும்போதுதான் அந்தப் பொருள் மணக்கத் தொடங்குகிறது, மூக்கு முன்கூட்டி எச்சரிக்காததற்குக் காரணம் அதுவே. காற்று பட்டதும் சல்பைட் போடாமல் விட்டதும் சேர்ந்து செய்த வினை. மருந்து கிடையாது, கலந்து மறைக்கவும் முடியாது, நல்ல ஜாடியும் சேர்ந்து கெடும். ஆனால் எல்லார் வாயிலும் அது தெரிவதில்லை. போன வருடம் நான் ஒரு வாய்க்கு மேல் குடிக்க முடியாமல் கொட்டப் போன ஆறு பாட்டிலையும் என் மனைவி தடுத்து வாங்கி வைத்துக்கொண்டாள், அந்த வருடத்தில் நான் போட்டதிலேயே அதுதான் நன்றாக இருக்கிறதாம்.